எடைக்குப் போடக் கூடாத யூபோனியம்



பேண்டு செட் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "சார், ஆள் கலைந்துபோன ஒரு செட்டின் பழைய யூபோனியம் விலைக்கு வருகிறது. பழைய பாத்திரக்காரர் பித்தளை எடைக்குக் கேட்கிறார். நான் வாங்கலாமா?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் சரபோஜி மன்னரிடமிருந்துதான் தொடங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூபோனியத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. கல்யாண ஊர்வலத்திலும் மாதா கோயில் தேர்பவனியிலும் ஒருவர் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து ஊதுவாரே, அதுதான். டியூபாவின் தம்பி என்று சொல்லலாம். சுருளைப் பிரித்து நீட்டினால் குழாய் சுமார் 9 அடி வரும். ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் மேலே பாட, இது கீழே நின்று தாங்கும்.

1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியங்களைக் கொண்ட பேண்டு வைத்திருந்தார். மேல்நாட்டு இசைக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த அரண்மனை பேண்டில் டியூபா இருந்திருக்க முடியாது. டியூபாவுக்குப் பெர்லினில் காப்புரிமை பெற்ற ஆண்டு 1835; மன்னர் மறைந்து மூன்றாண்டுக்குப் பிறகு. யூபோனியம் 1840களில் ஜெர்மனியில் உருவானது. நம் ஊருக்கு அது பின்னால் வந்த விருந்தாளி.

வந்த விருந்தாளிகளில் சிலரை நம் சங்கீதம் வீட்டோடு வைத்துக்கொண்டது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், மேல்நாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்யம் எழுதினார்; அவையே நோட்டுஸ்வரங்கள். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினை நம்முடையதாக்கினார்கள். கிளாரினெட் 19ஆம் நூற்றாண்டிலேயே சதிருக்குப் பக்கவாத்தியமாக வந்து, பிறகு தனிக் கச்சேரிக்கு உயர்ந்தது. அதை வாசித்த திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

யூபோனியத்துக்கு மட்டும் ஏன் மேடை கிடைக்கவில்லை? கமகம்தான் காரணம் என்பது என் எண்ணம். வயலின் தந்தியில் விரல் வழுக்கிப் போகும். கிளாரினெட்டின் துளையைப் பாதி மூடலாம். யூபோனியத்தில் வால்வை அழுத்தினால் குழாயின் நீளம் ஒரே தாவலாக மாறிவிடும். ஸ்வரங்களுக்கு நடுவே நெளிந்து போக இடம் குறைவு. ஆகவே அது தெருவிலேயே நின்றுவிட்டது. தெருவில் வாசித்தவர்களைப் பற்றிச் சபாக்கள் மலர் போடவில்லை, யாரும் விமர்சனம் எழுதவில்லை. அவர்களுடைய வரலாற்றுக்கு அந்த வாத்தியமே சாட்சி. எடைக்குப் போட்டால் சாட்சி உருகிவிடும்.

அந்தச் சாட்சி பேசவும் செய்யும். விரிந்த வாய்ப்பகுதியில் செதுக்கியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். லண்டன் 'பூசி அண்ட் கோ' என்று இருந்தால் அது 1930க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் பூசியும் ஹாக்ஸும் ஒரே கம்பெனி ஆயின. 'பூசி அண்ட் ஹாக்ஸ்' என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. மீரட் என்று இருந்தால் நம் நாட்டுச் சரக்கு. அங்கே நாதிர் அலி கம்பெனி 1885இல் தொடங்கியது. இன்றும் பேண்டு வாத்தியம் என்றால் மீரட்தான்.

சரி, வாங்கலாமா? முதலில் சுருதியைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை 'உயர் சுருதி'யில் வாசித்தன. இன்றைய சுருதியைவிட அது ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் பாதி, நம் கணக்கில் கால்கட்டை, கூடுதல். தனியாக ஊதினால் இனிமையாக இருக்கும். புதிய கிளாரினெட்டோடு சேர்ந்தால் காது கூசும். பத்து நிமிடம் ஊதி உலோகம் சூடான பிறகு சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் பெரிய இழுகுழாயை வெளியே இழுத்துக் குறைக்கலாம். அது போதாவிட்டால், நீளமான இழுகுழாய் செய்து தரும் தொழிலாளி கிடைப்பாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்தது வால்வு. வால்வை அழுத்தாமல் அதன் சிறு இழுகுழாயை உருவுங்கள், பிறகு அழுத்துங்கள். 'பக்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லையென்றால் பிஸ்டன் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யச் செலவு அதிகம். நசுங்கல் பெரிய குறையில்லை, தட்டி எடுத்துவிடலாம். ஆனால் பித்தளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் கவனம்: துத்தநாகம் அரித்துப்போய் உள்ளிருந்து ஓட்டை விழுகிறது என்று பொருள்.

வாங்கிய பின் ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், செதுக்கிய எழுத்து போய்விடும், மேல்பூச்சும் போய்விடும். வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிப் பனியில் உறைந்து, விடியற்காலைப் பவனியில் விரலை மடக்கவிடாது. வால்வுக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெய், இழுகுழாய்க்கு வாசலின், மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவல், வாசித்து முடித்ததும் உள்ளே தேங்கிய நீரை வடித்தல்: இவ்வளவுதான் பராமரிப்பு. பிஸ்டன்களில் 1, 2, 3 என்று எண் இருக்கும். மாற்றிப் போட்டால் காற்றே போகாது.

மாணவரிடம் சொன்னேன்: "சுருதி சேர்ந்தால், வால்வு பிடித்தால், எடைக்காரர் கேட்பதைவிட நூறு ரூபாய் கூடக் கொடுத்தாவது வாங்கிவிடு."

இப்போது செண்டை மேளமும் ஒலிபெருக்கியும் வந்து பல செட்டுகள் நின்றுவிட்டன. உங்கள் வீட்டுப் பரணிலோ தெரு முனையிலோ இப்படி ஒன்று கிடந்தால், அதில் உள்ள எழுத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். முக்கியமாக, அதை வாசித்த பெரியவர் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து, யாரிடம் கற்றார், எந்தெந்தத் திருவிழாவுக்குப் போனார், அது எங்கே வாங்கியது என்று கேட்டு எழுதி வையுங்கள். பித்தளை இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும். பெரியவர்களைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.