மண்டையோட்டின் உட்சுவர் தரும் சான்று: அழிந்துபட்ட நாய்க்குடும்ப விலங்குகளின் மூளை குறித்த ஆய்வு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நாய்க்குடும்பத்தின் மூளைப் படிமலர்ச்சி, தொல்லுயிர் எச்சமாகக் கிடைத்த மண்டையோடுகளின் உள்வார்ப்புகள் வழி ஆராயப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. மூளை மேற்பரப்பின் மாற்றத்தைக் காட்டும் உள்வார்ப்பு, விலங்கின் நடத்தைக்குத் தனிச்சான்றாகப் போதாது என்பதை இது நிறுவ முற்படுகிறது.

குறிச்சொற்கள்: தொல்மூளையியல், உள்வார்ப்பு, நாய்க்குடும்பம், முன்நெற்றிப் பகுதி, கூட்டு வேட்டை.

முன்னுரை

மூளை மென்திசுவாதலின் விரைவில் அழிந்துவிடும். எனினும் பாலூட்டிகளில் அது மண்டையோட்டின் உட்சுவரை ஒட்டி அமைவதால், அதன் வடிவமும் மடிப்புகளும் எலும்பில் தடமாகப் பதிகின்றன. மண்டையோட்டுக் குழியில் வண்டல் நிறைந்து இறுகினால் இயற்கை உள்வார்ப்பு உருவாகிறது. ஆய்வாளர் அதனைச் செயற்கையாகவும் ஆக்கிக்கொள்ளலாம்.

நாய்க்குடும்பம் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் தோன்றியது. அதன் மூன்று துணைக்குடும்பங்களுள் ஹெஸ்பெரோசயோனினே, போரோஃபாகினே ஆகிய இரண்டும் முற்றாக அழிந்தன. ஓநாய், நரி, வளர்ப்பு நாய் ஆகியன அடங்கிய கேனினே மட்டுமே எஞ்சியுள்ளது.

தொல்மூளையியலின் தோற்றம்

இத்துறைக்கு அடித்தளமிட்டவர் ஜெர்மானியரான டில்லி எடிங்கர் (1897–1967). புதைபடிவ மூளைகள் குறித்த அவரது நூல் 1929இல் வெளிவந்தது. யூதராகிய அவர் நாஜி ஆட்சியின் ஒடுக்குமுறையால் 1939இல் நாடு நீங்கி, பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியைத் தொடர்ந்தார். இன்றுள்ள விலங்குகளை ஏணிப்படிகளாக அடுக்கி மூளையின் வரலாற்றை ஊகிப்பதை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு வழிமரபின் வரலாற்றையும் அதன் தொல்லெச்சங்களிலேயே தேடவேண்டும் என்பது அவர் கொள்கை. குதிரை மூளை குறித்த அவரது 1948ஆம் ஆண்டு நூல் இதற்குச் சான்று.

ராடின்ஸ்கியின் பங்களிப்பு

இக்கொள்கையை நாய்க்குடும்பத்திற்குப் பொருத்தியவர் லியனார்ட் ராடின்ஸ்கி. மண்டையோடுகளுக்குள் ரப்பர்ப்பால் வார்த்து உள்வார்ப்புகளை உருவாக்கி, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் தம் முடிவுகளை வெளியிட்டார். தொன்மையான ஹெஸ்பெரோசயோனின் பெருமூளையில் வரிப்பள்ளங்கள் குறைவு; பிற்கால இனங்களில் புறணி விரிந்து மடிப்புகள் மிகுந்தன. சிலுவைப் பள்ளம் எனப்படும் வரிப்பள்ளம் ஊனுண்ணிக் குடும்பங்கள் பலவற்றில் தனித்தனியே தோன்றியதையும் அவர் 1971இல் சுட்டினார். ஒத்த வடிவம் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாகவே இருக்கவேண்டியதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

முன்நெற்றிப் பகுதியும் கூட்டு வேட்டையும்

கேனினேயில் மூளையின் முன்நுனி மடிப்பு நன்கு வளர்ந்துள்ளது. அழிந்த இரு துணைக்குடும்பங்களிலும் அது குறுகியது. இம்முன்நெற்றி வளர்ச்சியைச் சமூக வாழ்வோடு ராடின்ஸ்கி தொடர்புபடுத்தினார். கருத்து கவர்ச்சியானது, எனினும் அதனை அப்படியே ஏற்பதற்கு மூன்று தடைகள் உள்ளன.

முதலாவதாக, கேனினேயைச் சேர்ந்த செந்நரி தனித்தே இரை தேடுகிறது. இரண்டாவதாக, எலும்பு நொறுக்கும் போரோஃபாகினேயின் பேருருவ இனங்கள் கூட்டமாக வேட்டையாடியிருக்கலாம் என்பதற்கு உடல் அளவு, பல் அமைப்பு ஆகியவற்றின் அடிப்படையில் 2003இல் வாதங்கள் வைக்கப்பட்டன. கலிபோர்னியாவில் கிடைத்த போரோஃபாகஸின் கல்லாகிய மலத்தை ஆராய்ந்தோரும் 2018இல் கூட்டு வாழ்வைச் சுட்டினர். குறுகிய முன்நுனி மடிப்பு கூட்டு வாழ்வுக்குத் தடையாக இல்லாதிருக்கக்கூடும் என்பதே இவற்றின் உட்பொருள். மூன்றாவதாக, ஃபினரெல்லி, ஃபிளின் இருவரும் 2009இல் அழிந்த இனங்களையும் சேர்த்து ஊனுண்ணிகளின் மூளை அளவை ஆராய்ந்தனர். மூளைப் பெருக்கத்திற்கும் சமூக வாழ்வுக்குமான தொடர்பு நாய்க்குடும்பத் தரவுகளையே சார்ந்திருந்தது. ஊனுண்ணிகள் அனைத்திற்கும் பொதுவிதியாக அது நிலைபெறவில்லை.

முடிவுரை

எந்த வழிமரபில், எக்காலத்தில், மூளையின் எப்பகுதி விரிந்தது என்பதற்கு உள்வார்ப்பு நேரடிச் சான்று. அது ஏன் விரிந்தது என்பதற்குப் பல், உடல் அளவு, கழிவு எச்சம், வாழும் இனங்களின் நடத்தை ஆகியவற்றின் துணை வேண்டும். இவ்வேறுபாட்டைப் பேணும்போதே அழிந்த விலங்குகளின் வாழ்வு குறித்த கூற்றுகள் ஊகம் என்ற நிலையிலிருந்து உயர்ந்து, சோதித்தறியத்தக்க கருதுகோள்களாகின்றன.