டேவிட்டுக்கு வழி விடு

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒவ்வொரு முறையும் பந்தை எடுக்குமுன் வீரர்கள் தலையைக் குனிந்து வட்டமாகக் கூடுவார்களே, அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் காது கேளாத மாணவர்கள் என்று அங்கே பரவலாகச் சொல்வார்கள். வாஷிங்டனில் இன்று கேலடெட் பல்கலைக்கழகமாக இருக்கும் கல்லூரியில், 1890களில் பால் ஹப்பார்ட் என்பவர் குவார்ட்டர்பேக். அவரிடமிருந்து அணிக்கு உத்தரவு போவது சைகையில். எதிரணியும் காது கேளாதோர் அணியாக வாய்த்தபோது அந்தச் சைகை அவர்களுக்கும் புரிந்து தொலைத்தது. உடனே தன் ஆட்களை வட்டமாக நிறுத்தி, நடுவில் கையை மறைத்துப் பேசினார் ஹப்பார்ட். காது நன்றாகக் கேட்கிற அணிகளும் பிறகு இதையே பிடித்துக்கொண்டன.

எனக்கு ஃபுட்பால் தெரியாது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்து, பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற வாலிபால்காரி நான். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய கல்லூரி அது. வாலிபாலும் ஒய்.எம்.சி.ஏ. பெற்ற பிள்ளைதான். 1895இல் மாசசூசெட்ஸின் ஹோலியோக் ஊரில் வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் முட்டல் மோதல் தாங்காத நடுவயது வியாபாரிகளுக்காக இதை உண்டாக்கினார். ஆறரை அடி உயரத்தில் ஒரு நெட், இரண்டு பக்கமும் ஆட்கள், அவ்வளவுதான்.

இன்றைய வாலிபால் அப்படிச் சாதுவானதல்ல. வாய் ஓயாத ஆட்டம். "எனக்கு!", "விடு, அவுட்!", "பிளாக் ரெண்டு!" என்று ஆறு பேரும் கத்திக்கொண்டே இருப்பார்கள். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நெட்டில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டி, எந்தப் பக்கத்தை அடைக்கப்போகிறேன் என்று பின்வரிசைக்குச் சொல்வார். எந்த உயரத்தில் பந்து தூக்குவேன் என்பதைச் செட்டர் விரலால் சொல்வார். நடுவர் விசில் அடித்த கையோடு சைகையும் காட்டியாக வேண்டும். பாதி ஆட்டம் ஏற்கெனவே கைமொழியில்தான் நடக்கிறது. இதைத் தெரிந்த தேர்வாளர்களே, காதுக் கருவி மாட்டிய பிள்ளை வந்து நின்றால், "கோர்ட்டுக்குள்ள இதை எப்படிக் கூப்பிடுறது?" என்று ஒதுக்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேள்வி நியாயமானது, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பெயரைப் படிப்பதுதான் அநியாயம்.

பதில் வரச் சுற்றுவழியாகப் பல காலம் ஆனது. 1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுவழிக் கல்வியே போதும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. பல நாட்டுப் பள்ளிகளில் கைகளைக் கட்டிப்போட்டது போலாயிற்று. ஆடுகளத்தில் மட்டும் அந்தத் தீர்மானம் எடுபடவில்லை. 1924இல் யூஜின் ரூபென்ஸ் அல்கே என்ற காது கேளாத பிரெஞ்சுக்காரரின் முயற்சியால், பாரிஸில் காது கேளாதோருக்கென்றே ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகள் வந்தன. இன்று அதை டெஃப்லிம்பிக்ஸ் என்கிறோம். வாலிபால் 1964இல் ஒலிம்பிக்ஸிலும், 1969இல் பெல்கிரேடில் இந்தப் போட்டியிலும் இடம் பிடித்தது.

அமெரிக்காவில் அதுவரை காது கேளாத பிள்ளைகளில் பலர் விடுதிப் பள்ளிகளில் தங்களுக்குள்ளேயே ஆடி வளர்ந்தவர்கள். 1970களில் வந்த சட்டங்கள் இதை மாற்றின. 1972இல் வந்தது, கல்லூரிகளில் பெண்களின் விளையாட்டுக்கும் சம உரிமை கேட்டது. 1973இல் வந்தது, அரசுப் பணம் பெறும் நிறுவனம் எதுவும் உடற்குறையைக் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது என்றது. 1975இல் வந்தது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை முடிந்தவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைக்கச் சொன்னது. இந்த மூன்றாவது சட்டத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு படித்தவர்கள் அவர்களோடு ஆடவும் செய்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் டேவிட் ஸ்மித். 1985இல் கலிபோர்னியாவில் பிறந்தவர்; 80 முதல் 90 சதவீதம் வரை கேள்திறன் இல்லாதவர்; இரண்டு காதிலும் கருவி; மீதியை உதட்டசைவில் படிப்பார். வழக்கமான பள்ளியில் ஆடிவிட்டு, அர்வைனில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணிக்கு வந்தார். பயிற்சியாளர் ஜான் ஸ்பெரா ஒரு விதி வைத்தார்: டேவிட் ஒரு பந்துக்குப் போனால் அது டேவிட்டின் பந்து, மற்றவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். கூப்பிட வேண்டிய அவசியமே போய்விட்டது. ஒரு பயிற்சியாளராக எனக்கு இதில் பிடித்தது, இதற்கு எந்தச் செலவும் இல்லை என்பது. அவர் ஆடியது மிடில் பிளாக்கர் இடம். எதிரணிச் செட்டரின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தே குதிக்க வேண்டும், அங்கே காதுக்கு வேலை குறைவு. 2007இல் அந்த அணி தேசிய சாம்பியன். 2012 லண்டன் முதல் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்ஸ் ஆடினார் ஸ்மித். 2016இல் ரியோவில் வெண்கலம். 2024இல் பாரிஸில், 39 வயதில், மறுபடி வெண்கலம்.

விதி ஒன்று வந்ததால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடாது. வியர்வை பட்டால் காதுக் கருவி மக்கர் செய்யும். உள்ளரங்கின் எதிரொலியில் கருவி எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக்கிக் கொடுக்கும். டைம் அவுட் முப்பதே விநாடி. அதற்குள் பயிற்சியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகையில் எழுதினால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஒலிம்பிக்ஸில் ஸ்மித் மாட்டிய கருவியை டெஃப்லிம்பிக்ஸ் களத்தில் மாட்டவே கூடாது. இரண்டில் மேலாகக் கேட்கும் காதிலும் சராசரி 55 டெசிபல் இழப்பு இருந்தால்தான் அங்கே தகுதி. கருவியில்லாத அந்தக் களத்திலும் ஆட்டம் தரமாகவே நடக்கிறது. 2017இல் துருக்கியின் சம்சுனில் அமெரிக்கப் பெண்கள் வாலிபாலில் தங்கம் வென்றது அப்படித்தான்.

கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கும் பி.டி. நண்பர்களே, காதுக் கருவி மாட்டிய ஒரு பெண் வந்தால் முதலில் மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டு, எந்தப் பந்துக்கு யார் விலகுவது என்று பேசி முடியுங்கள். டைம் அவுட்டில் அவளுக்கு முகம் காட்டிப் பேசுங்கள். ஒரு முழு செட் ஆடவிடுங்கள். மார்க்கை அதற்கப்புறம் போடுங்கள்.