கூடுதல் ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம்: ஸ்பிளிட்டர் கேபிள் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டத்து லயத்தின் வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், தாத்தா பாட்டியின் திருமண ஆல்பம், கோயில் திருவிழா வீடியோ எனக் குடும்ப நினைவுகள் பலவும் இன்று கணினிக்குள் குடியேறிவிட்டன. இடம் போதாமல் போகும்போது, இன்னொரு ஹார்ட் டிஸ்க்கை வாங்கி அதே கணினிக்குள் மாட்டுவது வழக்கம். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரியவரும். தகவல் கேபிளைச் செருக மதர்போர்டில் இடம் இருக்கும். ஆனால், மின்சாரம் தரும் முனை ஒன்றுகூட மிச்சம் இருக்காது.

சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஸ்பிளிட்டர் கேபிள் அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஒரு முனையை இரண்டாகவோ நான்காகவோ பிரித்துத் தரும் இந்தக் கேபிள், தரமானதாக இருந்தால் பல ஆண்டுகள் தொல்லையின்றி உழைக்கும். தரமற்றதாக இருந்தால் முனை உருகும். சில வேளைகளில் தீயும் பிடிக்கும். டிஸ்க்கில் சேர்த்து வைத்ததும் அதோடு போய்விடலாம்.

மின்சாரம் எப்படிப் போகிறது?

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினியின் பவர் சப்ளை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. வழக்கமாக மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட். கறுப்புக் கம்பி மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. இப்போது பல பவர் சப்ளைகளில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே வருவதால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது.

மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்கில் தட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட்டும், மின்னணுப் பலகைக்கு 5 வோல்ட்டும் போகின்றன. மடிக்கணினிகளில் வரும் 2.5 அங்குல டிஸ்க்கும் அதே அளவிலான எஸ்எஸ்டியும் பொதுவாக 5 வோல்ட்டிலேயே இயங்கும்.

மின்முனைகள் இரண்டு வகை. பழைய மோலெக்ஸ் முனையில் நான்கு தடித்த பின்கள் இருக்கும். இன்றைய சாட்டா முனை தட்டையானது. அதில் 15 மெல்லிய தொடுமுனைகள் உள்ளன.

கணக்கு எளிது

சாட்டா முனையின் ஒவ்வொரு தொடுமுனையும் 1.5 ஆம்பியர் தாங்கும். 12 வோல்ட்டுக்கு மூன்று தொடுமுனைகள் என்பதால், ஒரு சாட்டா முனையின் எல்லை 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். மோலெக்ஸ் முனையின் தடித்த பின் ஒன்று, சரியான தடிமன் உள்ள கம்பியோடு, உச்சமாக 11 ஆம்பியர் வரை தாங்கும்.

சுழன்றுகொண்டிருக்கும் 3.5 அங்குல டிஸ்க் ஒன்றுக்குப் பெரும்பாலும் 10 வாட்டுக்கும் குறைவாகவே தேவை. ஆனால், கணினியை இயக்கியவுடன் நின்றிருக்கும் தட்டைச் சுழலவைக்கும் சில விநாடிகளில் அது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள லேபிளில் இருப்பது பெரும்பாலும் ஓடும்போது தேவைப்படும் அளவு. தொடக்க அளவைத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் பார்க்க வேண்டும்.

ஒரு சாட்டா முனையிலிருந்து இரண்டு டிஸ்க்குகளுக்குப் பிரித்தால் தொடக்கத்தில் 4 ஆம்பியர். இது எல்லைக்குள் அடங்கும். நான்காகப் பிரித்தால் 8 ஆம்பியர். தாங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே, 3.5 அங்குல டிஸ்க்காக இருந்தால் ஒரு சாட்டா முனைக்கு இரண்டு என்பதே பாதுகாப்பான எல்லை. மூன்று அல்லது நான்கு டிஸ்க் மாட்ட வேண்டுமானால் மோலெக்ஸ் முனையிலிருந்து பிரிப்பது நல்லது. அதே கேபிள் வரிசையில் முன்பே மாட்டியிருக்கும் டிஸ்க்குகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

“பவர் சப்ளை 500 வாட், டிஸ்க்குக்கு 10 வாட்தானே” என்று பலர் எண்ணுவது இங்கேதான் தவறாகிறது. பவர் சப்ளைக்குத் தெம்பு இருக்கிறது. அத்தனையும் கடந்துபோகும் அந்த ஒற்றை முனைக்குத் தெம்பு இருக்கிறதா என்பதே கேள்வி. ஒரு தொடுமுனையில் மின்னோட்டம் இருமடங்கானால் அங்கு பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். முனை தளர்வாக இருந்தால் சூடு இன்னும் கூடும்.

தீ எங்கே தொடங்குகிறது?

பழுது பார்ப்பவர்கள் அதிகம் அஞ்சுவது, மோலெக்ஸை சாட்டாவாக மாற்றும் மலிவான வார்ப்பு முனைக் கேபிள். இதில் கம்பிகளை நெருக்கமாக வைத்து, மேலே உருகிய பிளாஸ்டிக்கை ஊற்றி ஒரே கட்டியாக்குவார்கள். உள்ளே கம்பி சற்று விலகினாலும் 12 வோல்ட்டும் அருகிலுள்ள கறுப்புக் கம்பியும் மயிரிழை தூரத்தில் நின்றுவிடும். நாளடைவில் இடையிலுள்ள பிளாஸ்டிக் சூட்டில் கருகும். கருகிய பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தும். பல மாதங்கள் நன்றாக ஓடிய கேபிள் ஒருநாள் திடீரென்று எரிவதற்கு இதுவே காரணம்.

அப்போது பவர் சப்ளையின் பாதுகாப்பு செயல்படாதா? தரமான 500 வாட் பவர் சப்ளை 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்கு மேல் தரக்கூடியது. கருகிய முனை 10 ஆம்பியர் இழுத்தால், அது அதற்கு வழக்கமான சுமையாகவே தெரியும். ஆனால், அந்த 120 வாட்டும் கட்டைவிரல் நகம் அளவுள்ள பிளாஸ்டிக்கில் வெப்பமாக இறங்கும். சுவர் பிளக்கிலுள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ் ஏறத்தாழ 3,000 வாட் வரை தாங்குவதால் அதுவும் போகாது. வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பானும் 12 வோல்ட் பக்கத்துக் கோளாற்றை அறியாது. எனவே, சரியான கேபிளே முதல் பாதுகாப்பு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. முனையின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பியும் தனித்தனித் துளையில் நுழைந்து, மூடியைக் கழற்றிப் பார்க்கக்கூடியதாக இருந்தால் நல்லது. வழவழப்பான ஒரே பிளாஸ்டிக் கட்டியாக இருந்தால் தவிர்க்கலாம்.

2. கம்பியின் மேல் 18 என்ற கேஜ் எண் அச்சிடப்பட்டிருப்பது நல்லது. எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 22 என்றால் மெல்லியது.

3. பவர் சப்ளையிலிருந்து கழற்றி மாட்டும் கேபிளை வேறொரு பவர் சப்ளைக்குப் பயன்படுத்தக்கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் டிஸ்க் உடனே பழுதாகும்.

4. சாட்டா ஸ்பிளிட்டரிலிருந்து கிராஃபிக்ஸ் அட்டைக்கு மின்சாரம் எடுக்கக்கூடாது. அந்தச் சுமையை இந்த முனை தாங்காது.

மாட்டும் முறை

கணினியை முறையாக நிறுத்தி, சுவர் சுவிட்ச்சை அணைத்து, பிளக்கைக் கழற்ற வேண்டும். பிறகு பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். கணினிப் பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

சாட்டா முனையின் உள்ளே ‘எல்’ வடிவம் இருக்கும். அது பொருந்தும் பக்கமாகவே செருக வேண்டும். பலம் கொடுத்துத் திணிக்கக்கூடாது. முனையை ஒட்டிக் கம்பியை மடக்குவதும், விசிறியில் படும்படி விடுவதும் தவறு. ஒரு ஸ்பிளிட்டரின் நுனியில் இன்னொரு ஸ்பிளிட்டரை மாட்டவே கூடாது. கணினி கால் மணி நேரம் ஓடியபின் முனையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்கலாம். இளஞ்சூடு இருக்கலாம், விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

அபாய அறிகுறிகள்

கருகிய வாடை, பழுப்பேறிய முனை, டிஸ்க் அடிக்கடி மறைந்து மறைந்து தெரிவது ஆகியவை எச்சரிக்கைகள். வாடை வந்தால் சுவர் சுவிட்ச்சை அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது. தீ பரவினால் எல்லாரும் வெளியேறி, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழைக்க வேண்டும்.

வேறு வழி உண்டா?

உண்டு. இரண்டு சிறிய டிஸ்க்குகளுக்குப் பதிலாக ஒரு பெரிய டிஸ்க் வாங்கினால் ஸ்பிளிட்டரே வேண்டியதில்லை. தனி அடாப்டரோடு வரும் வெளிப்புற யுஎஸ்பி டிஸ்க்கும் நல்ல தீர்வு.

ஒரே கணினிக்குள் இரண்டு டிஸ்க்குகளில் பதிந்து வைத்தாலும் அது முழுப் பாதுகாப்பு ஆகாது. முனை எரிந்தால் இரண்டும் சேர்ந்தே போகலாம். திரும்ப எடுக்க முடியாத படங்களின் ஒரு பிரதி அந்தக் கணினிக்கு வெளியே, முடிந்தால் உறவினர் வீட்டில், இருக்க வேண்டும். கேபிளை மீண்டும் வாங்கலாம். தோட்டமும் லயமும் இல்லாமல் போனபின், அங்கே எடுத்த படத்தை மீண்டும் எடுக்க முடியாது.