வளைவில் தங்கும் நீர்

சென்ற மாதம் குளியலறையில் விரிசல் விட்டிருந்த வாஷ்பேசினை மாற்றினோம். புதியது பளிச்சென்றிருந்தது. மூன்றாம் நாளே அறையெங்கும் சாக்கடை நாற்றம். குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது: அடியிலிருந்த வளைகுழாயை அகற்றிவிட்டு, நேரான குழாயொன்றைத் தரைக்குள் செருகியிருந்தார்கள்.

அவ்வளைவுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங், 1775இல் தமது கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்தது எஸ் வடிவக் குழாய். வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கும். கழிவு இறங்கும், சாக்கடைக் காற்று ஏறாது. அவ்வளவே தத்துவம். (ஓயாமல் ஓடும் சக்கரங்களோடு வாழ்ந்தவர் அசையாத நீரை நம்பியது வேடிக்கைதான்.)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாற்றமே நோய் பரப்புகிறது என்று பலரும் நம்பினர். காலராவைப் பொறுத்தவரை அது பிழை. ஆயினும் 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோரைச் சார்ஸ் தாக்கியபோது, குளியலறைத் தரை வடிகால்களின் வளைவுகளில் நீர் வற்றிக் கிடந்ததையும் ஒரு காரணமாக அரசின் ஆய்வு சுட்டியது.

பிளம்பரைத் திரும்ப அழைத்தோம். "வளைவு வெச்சா அடைச்சுக்கும் சார்" என்றார். அடைத்தால் கழற்றிக் கழுவிக்கொள்கிறோம் என்றோம். இப்போதெல்லாம் நெடுநாள் வெளியூர் சென்று திரும்பினால், பெட்டியை இறக்கும் முன் அந்தக் குழாயைத்தான் திறந்துவிடுகிறோம்.