கோடு ஜப்பானுடையது, வண்ணம் நம்முடையது: ‘கவாயி’ படங்களுக்கு வண்ணம் தீட்டும் பொழுதுபோக்கு

கியா பார்ம் –

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி கியா பார்ம் சந்தைக்குள் நுழைந்தால், காய்கறி, தேன், அவித்த சோளம், ஸ்ட்ராபெரி ஆகியவற்றோடு சிரித்த முகங்களின் ஒரு கூட்டமும் கண்ணில் படும். கண்ணும் வாயும் வைத்த ஸ்ட்ராபெரித் தலையணைகள், சாவிக்கொத்துகள், குழந்தைகளின் தொப்பிகள் என எல்லாம் உருண்டை முகமும் பெரிய கண்ணுமாகத் தொங்கும். சுற்றுப்பயணிகள் வாங்கிச் செல்லும் இந்தப் பொருள்களின் முகச்சாயல் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கு இதற்குக் ‘கவாயி’ என்று பெயர். செல்லமானது, கொஞ்சத் தோன்றுவது என்று பொருள் கொள்ளலாம்.

இதே சாயலில் வரைந்த கோட்டுப் படங்களுக்கு வண்ணம் தீட்டுவது இன்று பிள்ளைகளிடம் மட்டுமன்றி இளைஞர்களிடமும் பரவிவிட்ட பொழுதுபோக்கு. மாலையில் மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாத மலைத் தோட்டங்களுக்கு இது பொருத்தமானது. ஒரு பெட்டி வண்ணப் பென்சிலும் சில தாள்களும் போதும். ஆனால் எந்த நிறத்தை எங்கே வைப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது, தோன்றுவதைவிடப் பெரிய கேள்வி.

‘கவாயி’ முகத்தின் இலக்கணம்

வளர்ந்த மனிதரின் உயரத்தை அவரது தலையின் அளவால் வகுத்தால் ஏறக்குறைய ஏழு தலை வரும். கவாயி உருவங்களில் அது இரண்டு அல்லது மூன்று தலைதான். இவ்வகைக் குட்டி உருவத்தை ஜப்பானியர் ‘சிபி’ என்பர். புறாவுக்காகத் தசை அரிந்து கொடுத்த நம் சிபிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அம்மொழியில் ‘குட்டையானது’ என்று பொருள். பெரிய தலை, அகன்ற நெற்றி, முகத்தில் சற்றுத் தாழ்வாக அமைந்த பெரிய கண்கள், புள்ளி போன்ற மூக்கு, உப்பிய கன்னம் ஆகியவை இதன் அடையாளங்கள்.

இவை அனைத்தும் கைக்குழந்தையின் முகத்தில் இருப்பவை. இத்தகைய முகத்தைக் கண்டால் பெரியவர்களுக்குப் பாதுகாக்கும் உணர்வு எழுகிறது என்று ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். ஜப்பானிய நிறுவனமான சான்ரியோ 1974இல் உருவாக்கிய ‘ஹலோ கிட்டி’ இந்த இலக்கணத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அதன் முதல் ஓவியர் யூகோ ஷிமிசு என்ற பெண்மணி.

போருக்குப் பின் வந்த வண்ணத்தாள்

வண்ணம் தீட்டும் தாளுக்கு ஜப்பானில் ‘நுரியே’ என்று பெயர். ‘பூசும் படம்’ என்பது அதன் நேர்பொருள். இதில் புகழ்பெற்றவர் 1914இல் தோக்கியோவில் பிறந்த ஓவியர் சுத்தாயா கீய்ச்சி. இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடு வறுமையில் கிடந்த 1940களின் இறுதியில், பெரிய தலையும் குட்டைக் கைகால்களும் கொண்ட சிறுமிகளை அவர் கோட்டுப் படமாக வரைந்தார். விளையாட்டுப் பொருள் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அந்த மலிவான தாள்களை வாங்கி, தங்களுக்குக் கிடைக்காத பட்டாடைகளை வண்ணத்தால் அந்தச் சிறுமிகளுக்கு உடுத்திப் பார்த்தனர். தொலைக்காட்சி பரவி, அதன் கதாபாத்திரங்கள் வண்ணத்தாளிலும் இடம்பிடித்த பிறகுதான் அவருடைய படங்களுக்கு மவுசு குறைந்தது.

ஆக, இந்தப் பொழுதுபோக்கு வசதி படைத்தவர்களின் வீட்டில் வளர்ந்ததன்று. கையில் காசில்லாத பிள்ளைகள் விரும்பிய உலகைத் தாளில் அமைத்துக்கொண்டதால் வளர்ந்தது.

‘தோல் நிறம்’ எது?

வண்ணப் பென்சில் பெட்டியில் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் ஒரு பென்சில் இருக்கும். பிள்ளைகள் அதை ‘ஸ்கின் கலர்’ என்பார்கள். மாநிறத்திலோ கறுப்பாகவோ இருக்கும் நம் வீட்டுப் பிள்ளையும் தான் தீட்டும் ஒவ்வொரு முகத்துக்கும் அதையே எடுக்கும். அம்மாவை வரைந்தாலும் அதே நிறம், தன்னை வரைந்தாலும் அதே நிறம்.

இந்தப் பெயரை முதலில் கேள்வி கேட்டது நாம் அல்லர். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் ‘சதை நிறம்’ என்று வைத்திருந்த பெயரை 1962இல் ‘பீச் பழ நிறம்’ என்று மாற்றியது. கவாயி பிறந்த ஜப்பானிலேயே இந்த நிறத்துக்கு நெடுங்காலம் ‘ஹதா இரோ’, அதாவது தோல் நிறம், என்ற பெயர் இருந்தது. எல்லாருடைய தோலும் ஒரே நிறமன்று என்ற எண்ணம் வலுப்பட்டதும், 2000ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டு வண்ணப் பென்சில் நிறுவனங்கள் அப்பெயரைக் கைவிட்டு ‘வெளிர் ஆரஞ்சு’ என்று பொருள்படும் பெயர்களுக்கு மாறின. கிரயோலா 2020இல் வெவ்வேறு மனிதத் தோல் நிறங்களில் 24 வண்ணங்கள் கொண்ட தனிப் பெட்டியையே வெளியிட்டது.

அந்தச் சிறப்புப் பெட்டி இல்லாவிட்டாலும் குறையில்லை. சாதாரண 12 அல்லது 24 நிறப் பெட்டியிலேயே நம் நிறத்தைக் கொண்டுவரலாம். ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்று வாயால் சொல்லும் நாம், அதைத் தாளிலும் காட்டலாம்.

மாநிற முகம் தீட்டும் முறை

முதலில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். தாளின் ஓரத்தில் சின்னச் சூரியன் ஒன்றை இலேசாக வரைந்து வைத்தால் மறக்காது.

அடுத்து, முகம் முழுவதும் சந்தன நிறம் போன்ற மங்கிய மஞ்சளை மெல்லப் பூசலாம். பென்சிலை முன்னும் பின்னும் இழுக்காமல் சிறு சிறு வட்டங்களாக ஓட்டினால் கோடு தெரியாது. அதன்மேல் இளம்பழுப்பை இரண்டு மூன்று சுற்று ஏற்ற வேண்டும். வெளிச்சம் படும் நெற்றியிலும் கன்னத்திலும் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அழுத்தித் தேய்த்தால் தாளின் மேற்பரப்பு வழுவழுப்பாகி அடுத்த நிறம் ஒட்டாது.

முடிக்குக் கீழே, கழுத்தில், காதோரத்தில் நிழலுக்கு அடர்பழுப்பு வேண்டும். நிழலுக்குக் கறுப்பை எடுப்பது பலரும் செய்யும் தவறு. முகம் அழுக்குப் படிந்தது போலாகிவிடும். அடர்பழுப்புக்கு மேல் சிறிது ஊதா சேர்த்தால் நிழல் ஆழமாகத் தெரியும். கன்னச் சிவப்புக்கு இளஞ்சிவப்பைவிடச் செங்கல் நிறமே மாநிற முகத்தில் எடுப்பாக இருக்கும்.

கவாயி முகத்துக்கு உயிர் கண். கண்மணியின் மேற்பகுதி அடர்த்தியாகவும் கீழ்ப்பகுதி வெளிறியும் இருக்க வேண்டும். மேலே ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளியை வண்ணம் படாமல் விட வேண்டும். தவறி நிறம் ஏறிவிட்டால் வெள்ளை ஜெல் பேனாவால் ஒரு புள்ளி வைத்துச் சரிசெய்யலாம்.

மார்க்கர் பேனா பயன்படுத்துவோர் கீழே ஒரு தடித்த தாளை வைப்பது நல்லது. நகலெடுக்கும் சாதாரணத் தாளில் மை ஊறி மறுபக்கம் இறங்கிவிடும். மலைக்குளிரில் காற்று ஈரமாக இருப்பதால் நீர்வண்ணம் காய நேரமெடுக்கும். முழுவதும் காயும் முன் புத்தகத்தை மூடக்கூடாது. முடித்த தாள்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் சுருளாது.

கைப்பேசியில் தீட்ட விரும்புவோருக்கு 2011இல் ஜப்பானில் உருவான ‘ஐபிஸ் பெயின்ட்’ போன்ற செயலிகள் இருக்கின்றன. கோட்டுப் படம் மேலடுக்கிலும் வண்ணம் கீழடுக்கிலும் இருக்கும்படி வைத்தால் கோடு அழியாது.

கோலம் போட்ட கைக்குப் பழகியதே

எல்லைக்கோட்டுக்குள் நிறம் நிரப்புவது தமிழருக்குப் புதிதன்று. தீபாவளிக் காலத்தில் பேரங்காடிகளிலும் பள்ளிகளிலும் நிறமூட்டிய அரிசியால் கோலமிடுவதை மலேசியாவில் எல்லாரும் பார்த்திருப்போம். அருகருகே உள்ள இரு கட்டங்களுக்கு ஒட்டாத நிறம் தேர்வது, நடுவிலிருந்து வெளியே வருவது, பொறுமையாக நிரப்புவது ஆகிய அனைத்தும் இங்கும் உதவும். பாட்டியும் பேத்தியும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது.

இதனால் மனத்துக்கும் பயனுண்டு. அமெரிக்காவில் 84 கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், கோலம் போன்ற வட்ட வடிவங்களுக்கோ கட்டம் போட்ட வடிவத்துக்கோ வண்ணம் தீட்டியவர்களின் பதற்றம், வெற்றுத் தாளில் விருப்பம்போல் தீட்டியவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நாய்க்குட்டி, பூனைக்குட்டிப் படங்களைப் பார்த்த மாணவர்கள் அடுத்துச் செய்த நுணுக்கமான வேலையைக் கூடுதல் கவனத்தோடு செய்தனர். வண்ணம் தீட்டுவது மருந்தாகிவிடாது. ஆனால் தேர்வு நெருங்கும் நாளில் அரை மணி நேரம் தீட்டும் பிள்ளையை ‘நேரத்தை வீணாக்குகிறாய்’ என்று அதட்டத் தேவையில்லை.

விற்கலாமா?

நன்றாகத் தீட்டப் பழகியவருக்கு, சாவிக்கொத்தாகவோ ஒட்டுப்படமாகவோ செய்து சந்தையில் விற்கலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. இங்குதான் கவனம் வேண்டும். ஹலோ கிட்டி போன்ற உருவங்களுக்கு உரிமையாளர் உண்டு. வீட்டில் தீட்டி மகிழ்வதில் சிக்கலில்லை. அனுமதியின்றிப் படியெடுத்து விற்பது மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றமாகும்.

அதே சட்டம் நம் பக்கமும் நிற்கிறது. நீங்களே சொந்தமாக வரைந்த உருவத்துக்கு, அதைத் தாளில் வரைந்ததுமே பதிப்புரிமை கிடைக்கிறது. வரைந்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். பதிவு கட்டாயமில்லை. சான்று வேண்டுவோர் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்பத்தின் பேரில் அறிவிப்புச் செய்துகொள்ளலாம்.

ஊருக்கு ஒரு முகம்

சொந்த உருவம் என்ன செய்யும் என்பதற்குக் குமமோத்தோ நல்ல சான்று. வேளாண்மைக்குப் பெயர்பெற்ற இந்த ஜப்பானிய மாநிலம், 2011இல் அதிவேக ரயில் முழுமையாக ஓடத் தொடங்கவிருந்ததையொட்டி, 2010இல் ‘குமமோன்’ என்ற கறுப்புக் கரடியை அறிமுகப்படுத்தியது. கறுப்பு உடல், சிவந்த கன்னம், வியந்த கண், அவ்வளவுதான். உள்ளூர் வணிகர்கள் அனுமதி பெற்றுக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று மாநில அரசு விட்டதால், பழப்பெட்டி முதல் பலகாரம் வரை அதன் முகம் ஏறியது. ஊரும் அதனோடு சேர்ந்து பெயர் பெற்றது. பேரிக்காய்க்குப் பெயர்போன ஃபுனபாஷி நகரில், அரசு அங்கீகாரம் இல்லாமலேயே ‘ஃபுனாஷி’ என்ற பேரிக்காய் உருவம் நாடறியப் புகழ்பெற்றது.

கியா பார்மைச் சுற்றி வரைவதற்கு என்ன குறை? 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் அருகில்தான் இருக்கிறது. இரண்டு இலையும் நடுவே ஒரு மொட்டும் கொண்ட கொழுந்தை எடுத்துக்கொள்வோம். மொட்டை முகமாகவும் இலைகளைக் காதுகளாகவும் வைத்தால் ஒரு கவாயி உருவம் தயார். முட்டைக்கோசுக்குச் சட்டை மாட்டலாம். கூடை சுமந்து கொழுந்து பறித்த பாட்டியைத் தலைத்துண்டோடு மூன்று தலை உயரத்தில் வரையலாம்.

அந்தப் பாட்டியின் முகத்துக்கு நிறம் தேடும்போது, பெட்டியில் பழுப்புப் பென்சில் எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைக்கு எடுத்துக் காட்டினால் போதும். மற்றதைப் பிள்ளையே தீட்டிக்கொள்ளும்.