ஒட்டுத் துணியும் அழகர் விழாவும்

மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். வைகை அணைப் பக்கத்துக்காரன், அதிலும் இன்ஜினியர் என்றால் என்ன எழுதுவான் என்று உங்களுக்கே தெரியும். பென்னிகுக், பெரியாறு, 1895, சுரங்கப்பாதை... அதையெல்லாம் நம்மில் பலர் மேடையிலேயே மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் நான் வேறு ஒன்றை எடுத்துக்கொண்டேன். தையல். அதுவும் வெட்டுத் துணிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கிற ஒட்டுத் தையல். சிரிக்காமல் கொஞ்ச தூரம் கூட வாருங்கள், கடைசியில் அணைக்கே வந்து சேர்ந்துவிடுவோம்.

அமெரிக்காவில் பழைய துணிகளைச் சதுரம் சதுரமாகச் சேர்த்துத் தைத்துப் போர்வை செய்யும் பழக்கம் உண்டு. பெண்கள் ஆளுக்குச் சில சதுரங்களை வீட்டிலேயே தைத்து வருவார்கள். பிறகு ஒரு வீட்டில் கூடி, எல்லாவற்றையும் இணைத்து, அடியில் பஞ்சும் இன்னொரு துணியும் வைத்து, பெரிய சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து தைப்பார்கள். சதுரத்துக்கு 'பிளாக்' என்று பெயர். ஒவ்வொரு பிளாக் வடிவத்துக்கும் தனிப் பெயரும் உண்டு. 'மரவீடு' என்று ஒன்று. நடுவில் சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி நீளப் பட்டைகள். நடுச் சதுரத்தைப் பெரும்பாலும் சிவப்பில் வைப்பார்கள், அது வீட்டு அடுப்பாம்!

இதில் நம்மவர்களுக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். முடிந்த பிளாக் பன்னிரண்டு அங்குலம் வேண்டுமென்றால் பன்னிரண்டரை அங்குலமாக இருக்க வேண்டும். ஒருத்தர் கால் அங்குலத்தைச் சற்றுத் தாராளமாகப் பிடித்து, ஒரு பிளாக்கில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தவறவிட்டாலும், வரிசையாகப் பன்னிரண்டு பிளாக் சேரும்போது முக்கால் அங்குலம் கோணிக்கொள்ளும். ஃபிட்டிங் லேபில் அரத்தை வைத்து நாள் முழுக்க ராவி, கடைசியில் இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகாமல் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். பத்துப் பேர் கையால் ஒரு பொருள் செய்யும்போது முதலில் ஒத்துப்போக வேண்டியது அளவு. அழகெல்லாம் அப்புறம்.

சரி, நம்மூரில் ஏன் இது இல்லை? நூல் இல்லாமலா? கம்பம் பள்ளத்தாக்கிலும் தேனியிலும் பருத்தியும் மில்லும் தெரியாதவர் உண்டா? ஆண்டிப்பட்டியை ஒட்டிய சக்கம்பட்டியில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம்தான். முதல் காரணம் வெயில். சித்திரையில் தேனிப் பக்கம் பஞ்சு வைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பவன் மனுஷனா என்ன? எங்க அப்பத்தா பழைய நூல் சேலைகளை நாலாக மடித்து, ஓரமெல்லாம் நூல் ஓட்டி, பச்சைப் பிள்ளைகளுக்கு விரிப்பாகப் போடும். நம் தட்பவெப்பத்துக்கு அது போதும்.

இரண்டாவது காரணம் வெயில் அல்ல, வெட்கம். ஒட்டுப் போட்ட சட்டை என்றால் நம்மிடம் அது ஏழ்மைக்கு அடையாளம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அப்படிப் போகக் கூசும். 'கந்தை' என்ற சொல்லையே பாருங்கள். அது வடமொழியின் 'கந்தா' என்ற சொல்லோடு உறவுள்ளது. அதே சொல் வங்காளத்தில் 'காந்தா' ஆகி, பழைய சேலைகளை அடுக்கி நூலால் பூவும் மீனும் தைக்கும் பெரிய கலைக்குப் பெயராக நிற்கிறது. நம்மிடம் அது வசவாகிப்போனது. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். கிழிந்த துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கி வட்டமாக உள்நோக்கித் தைத்துக்கொண்டே போய், நடுவில் வந்து முடிப்பார்கள். முடித்ததும் நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைப்பார்கள். பூ வைக்காத போர்வை முழுமை பெற்றதாகாது. உபயோகம் எதுவுமில்லாத அந்தப் பூவுக்குத்தான் அங்கே அவ்வளவு மதிப்பு!

ஆனால் ஒட்டுத் துணிக்கு மரியாதை கொடுத்த மரபு நம் பக்கம் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அதைத் தேடினால் போர்வையில் கிடைக்காது, சாமியிடம்தான் கிடைக்கும்.

முதலில் புத்தரிடம் போவோம். பிக்குகளின் காவி ஆடை முழுத் துணி அல்ல. துண்டுகளை வரம்பு வரம்பாகச் சேர்த்துத் தைத்தது. மகத நாட்டு நெல்வயல்களைக் காட்டி, இந்த வயல் வரப்புப் போல ஆடை செய்ய முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாகவும், ஆனந்தர் அப்படியே செய்து காட்டியதாகவும் பௌத்த விநய நூல் சொல்கிறது. குமுளி மலைப்பாதையில் பஸ் திரும்பும்போது கீழே கம்பம் பள்ளத்தாக்கு வயல்களைப் பார்த்தவர்கள் ஆனந்தர் என்ன தைத்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். துண்டுபட்ட துணி என்றால் திருடனுக்கும் ஆசை வராது, விற்கவும் முடியாது, துறவிக்குப் பொருத்தம். இதைவிட சுவாரஸ்யம், மழைக்காலம் முடிந்ததும் நடக்கும் 'கடின' சடங்கு. ஒரு விகாரையின் பிக்குகள் எல்லோரும் கூடி, வெட்டி, தைத்து, சாயம் ஏற்றி, ஒரே நாளுக்குள் ஓர் ஆடையை முடித்தாக வேண்டும். துணியை இழுத்துக் கட்டும் சட்டத்துக்குத்தான் 'கடினம்' என்று பெயர். ஆடை தானமாகக் கொடுக்கும் விழாவாக இலங்கையில் இன்றும் இது நடக்கிறது. கூடித் தைப்பதை அமெரிக்கப் பாட்டிகள் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது கோயில். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் தேர்ச்சீலை தைப்பவர்கள் உண்டு. தேரைச் சுற்றித் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகள், தோரணங்கள், மேலே விரியும் விதானம் எல்லாம் அவர்கள் கைவேலை. இங்கே ஒரு நுணுக்கம். அமெரிக்கப் போர்வையில் துண்டோடு துண்டை விளிம்பில் சேர்ப்பார்கள். நம் தேர்ச்சீலையில் துணிக்கு மேல் துணியை வைத்து ஓரம் மடித்துத் தைப்பார்கள். துணி இரட்டிப்பாவதால் கனம் கூடும், காற்றில் தொம்பை ஆடினாலும் தூக்கி அடிக்காது. ஒரே நிறத்தில் பெரிய பெரிய துண்டாக இருப்பதால் அரை மைலுக்கு அப்பால் இருந்தும் யாளியும் பூவும் தெரியும். விதானத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'அஸ்மானகிரி'. 'ஆஸ்மான்' என்றால் பாரசீகத்தில் வானம். பெருமாளுக்கு மேலே விரியும் வானத்துக்குப் பாரசீகப் பெயர்! ஒரிஸ்ஸாவில் புரிக்குப் பக்கத்துப் பிப்லி ஊரிலும் ஜகந்நாதர் தேருக்கு இதே மாதிரி வேலை நடக்கிறது.

இப்போது மதுரைக்கு வருவோம். எங்கள் பக்கத்து மக்களுக்கு 1996 வரை அதுதானே ஜில்லா தலைநகரம்.

மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம்தான் புதுமண்டபம். கட்டி முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பெயர் இன்னும் 'புது'தான். அதன் கல்தூண்களுக்கு இடையில் வரிசையாகத் தையல் மிஷின்கள் இருந்ததை மதுரையில் படித்தவர்கள், பொருள் வாங்கப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பங்குனி பிறந்தால் அங்கே பேச நேரம் இருக்காது. சித்திரைத் திருவிழாவுக்கு வேஷம் கட்டுபவர்களின் ஆடைகள் அங்கேதான் தயாராகும். முழங்கால் வரை வரும் சல்லடம், இடுப்புக் கச்சை, தலைக்கு உருமால், குல்லா. சிவப்புத் துணிதான் அதிகம். அதன் மேல் மஞ்சள், பச்சை, வெள்ளைத் துண்டுகளை முக்கோணமாகவும் பட்டையாகவும் பூவாகவும் நறுக்கி வைத்து, ஓரத்தில் சரிகை கொடுத்து, கால் மிஷினில் ஓட்டுவார்கள்.

தைத்தவர்களில் பலர் முஸ்லிம்கள். தகப்பனுக்குப் பின் மகன் என்று தொழில் பழகியவர்கள். "பாய், போன வருஷ அளவுதான்" என்று கிராமத்திலிருந்து வந்தவர் சொல்வார். "வயித்தப் பாருங்கண்ணே, போன வருஷ அளவு எப்படிப் பத்தும்?" என்று பாய் இஞ்ச் டேப்பை எடுப்பார். விரதம் இருப்பவருக்கு அந்த ஆடை வெறும் வேஷமல்ல. தைத்துக் கொடுப்பவருக்கும் அது தெரியும். நாற்பது வயதுக்கார விவசாயி, வருஷம் முழுக்க அழுக்கு வேட்டியோடு வயலில் நிற்பவர், அந்த ஒட்டுத் துணி ஆடையைப் போட்டுக்கொண்டு தெருவில் வந்தால் பெரியவர்கள் அவர் காலில் விழுகிறார்கள். தோளில் ஒட்டு இருந்தால் ஏழை, உடம்பு முழுக்க ஒட்டு இருந்தால் சாமி! இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்த ஒரு விஷயம்தான்.

அழகர்கோயிலைப் பற்றி அறிஞர் தொ. பரமசிவன் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆய்வை மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் நூலாக வெளியிட்டது. விழாவுக்கு வரும் நாட்டுப்புற அடியார்களைத் திரியெடுத்து ஆடுவோர், துருத்தி நீர் தெளிப்போர், வர்ணிப்புப் பாடுவோர் என்று அவர் வகை பிரித்துக் காட்டுகிறார். கோயில் வரலாறு என்றால் கல்வெட்டும் கோபுரமும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை படிக்க வேண்டும். நம் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

துருத்தி நீர் என்றதும் அணைக்கு வந்துவிட்டோம். தோல் பையில் தண்ணீர் நிரப்பி அழகர் மேல் பீய்ச்சி அடிப்பவர்கள்தான் இந்த வண்ண ஆடைக்காரர்களில் பெரும்பகுதி. சித்ரா பௌர்ணமி வருவது நல்ல கோடையில். அந்த நேரத்தில் மதுரை வைகையில் மணல்தான் இருக்கும். எனவே அழகர் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். அணையை முதலமைச்சர் காமராஜர் 21-1-1959 அன்று திறந்து வைத்தார். திருமலை நாயக்கர் காலமானது 1659. சரியாக முந்நூறு வருஷ இடைவெளி! தேனூரில் நடந்துவந்த விழாவை மதுரைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பது வழக்கு. அவர் காலத்தில் வைகையில் தண்ணீர் வந்தால்தான் வந்தது. இப்போது ஷட்டரைத் தூக்கினால் வருகிறது.

அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. பாசனத்துக்கும் குடிநீருக்கும் கணக்குப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் தண்ணீரில் சாமிக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். பட்டு என்ன நிறத்தில் உடுத்தி அழகர் இறங்குகிறார் என்பதை வைத்து அந்த வருஷத்து விளைச்சலைச் சொல்வது ஜனங்களின் வழக்கம். பச்சைப் பட்டு என்றால் செழிப்பு. எங்க பக்கத்தில் அதோடு அணையின் நீர்மட்டத்தையும் கேட்டுக்கொள்வோம். இரண்டும் ஒத்துப்போகாத வருஷங்களும் உண்டு, அதில் நான் தலையிட விரும்பவில்லை.

கொரோனாவினால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டும் அழகர் வைகையில் இறங்கவில்லை. இரண்டு வருஷம் யாரும் ஆடை தைக்கவில்லை என்று அர்த்தம். வருஷத்தில் இரண்டு மாத வேலையை நம்பி இருப்பவர்களுக்கு அது என்ன என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். 2022-இல் மறுபடி இறங்கினார். இதே காலத்தில்தான் புதுமண்டபத்தின் சிற்பத் தூண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று கடைகளைக் காலி செய்தார்கள். பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்தில் கட்டிய கட்டடத்துக்கு வியாபாரிகள் மாறினார்கள். தூண்களைப் பொறுத்தவரை அது நியாயமான முடிவு என்றே நான் நினைக்கிறேன். கல்லில் எண்ணெயும் புகையும் படிவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மண்டபத்தின் சரித்திரத்தில் அந்த மிஷின்களும் ஒரு பகுதி. அதற்கு எந்தத் தூணிலும் சிற்பம் கிடையாது.

இப்போது பெரிய கேள்வி, இந்தக் கை எத்தனை நாள் இருக்கும் என்பது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வந்துவிட்டது, அச்சிட்ட துணி வந்துவிட்டது. சிவப்பில் மஞ்சள் முக்கோணத்தை வெட்டி வைத்துத் தைப்பதைவிட, முக்கோணம் அச்சடித்த துணியை வாங்கிச் சல்லடமாக வெட்டிவிடுவது சுலபம், மலிவு. பத்து அடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்தால்தான் தெரியும். முக்கோணங்களைப் பென்சில் கோடு போடாமல், பழைய அட்டைத் துண்டை வைத்து, ஆறு மடிப்புத் துணியை ஒரே வெட்டில் நறுக்குகிறார்கள். அந்த அட்டைகளுக்கு வரைபடம் எதுவும் கிடையாது. பாட்டன் வெட்டியது, பேரன் கையில் ஓரம் தேய்ந்து இருக்கிறது.

நம் சங்கத்தில் டிராயிங் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? அந்த அட்டைகளை உடையவர்களின் சம்மதத்தோடு அளந்து, உண்மை அளவில் வரைந்து, ஆடையில் எது எங்கே போகிறது என்று குறித்து வைக்க இரண்டு விடுமுறை நாள் போதும். ஆளுக்கு ஒரு வடிவம் எடுத்தால் ஒரு நாள்கூடப் போதும். வைகைத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் போக வேண்டும். பங்குனி கடைசியில் போனால் அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மாசியில் போங்கள். டீ வாங்கிக்கொண்டு போங்கள்.