பெர்மி: ஒரு ரோஜா நிறக் காகிதத்தின் கதை

பிரான்சு நாட்டின் பழைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மூன்றாக மடிக்கிற ரோஜா நிறக் காகிதம். ஒரு மூலையில் புகைப்படம், அதன் மேல் பாதி விழுந்தும் பாதி விழாமலும் ஒரு முத்திரை. புதுச்சேரியில் சொல்தா வீடுகளில் பீரோவைத் திறந்தால் பென்ஷன் காகிதங்களுக்கும் மெடல் டப்பாவுக்கும் நடுவில் அது இருக்கும். எங்கள் தெருவில் அதற்கு 'பெர்மி' என்று பெயர். லைசென்ஸ் என்றால் நம்மூர் லைசென்ஸ். பெர்மி என்றால் பிரெஞ்சுக்காரன் கொடுத்தது. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். அதில் என் பங்குக்கு ஒரு தப்பும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மோட்டார் வண்டி ஓட்டுகிறவனிடம் காகிதம் கேட்கும் வழக்கத்தை ஆரம்பித்தவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முன்னோடிகள். 1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் போலீஸ் தலைவர் லூயி லெப்பீன் ஓர் ஆணை போட்டார். பாரிசில் மோட்டார் வண்டி ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும். நகரத்துக்குள் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 12 என்பது நல்ல குதிரை ஓடுகிற வேகம்கூட இல்லை. ஊசேஸ் சீமாட்டி என்கிற பிரபுகுலத்துப் பெண்மணி 1898-இல் இந்தப் பரீட்சையில் தேறினார். பிரான்சில் அப்படித் தேறிய முதல் பெண் அவர்தான். அதே வருஷம் வேகமாக ஓட்டியதற்கு அபராதம் கட்டிய முதல் பெண்ணும் அவரே.

1899 மார்ச் 10 ஆணையில் இந்த ஏற்பாடு நாடு முழுவதற்கும் வந்தது. பரீட்சை வைத்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? சுரங்கத் துறைக்காரர்கள்! நீராவிக் கொதிகலன்களைச் சோதித்துப் பழகியவர்கள் அவர்கள்தான். மோட்டாரும் ஒரு கொதிகிற இயந்திரம்தானே என்று அவர்களிடம் விட்டுவிட்டார்கள். அவர்கள் சரி என்று எழுதினால் பிரேஃபே, அதாவது மாவட்ட ஆட்சித் தலைவர், கையெழுத்துப் போடுவார்.

அந்தக் காகிதத்தின் பெயர் 'செர்த்திஃபிகா த கப்பாசித்தே'. திறமைச் சான்றிதழ் என்று அர்த்தம். 1922 டிசம்பர் 31 ஆணையில் பெயரை மாற்றி 'பெர்மி த கோந்துய்ர்', ஓட்டுவதற்கான அனுமதி, என்று வைத்தார்கள். பள்ளியில் பிரெஞ்சில் படித்தவனுக்கு இந்த மாதிரிச் சொற்களை உரசிப் பார்க்கிற புத்தி போகாது. திறமை என்பது ஆளோடு இருப்பது. அவன் கப்பலேறினால் அதுவும் கூடவே ஏறும். அனுமதி அரசாங்கம் தருவது. அந்த அரசாங்கத்தின் எல்லை எதுவோ அதுவரைதான் அதன் செல்வாக்கு. வெளிநாட்டு லைசென்சுக்கு வந்த தலைவலி எல்லாம் இந்தப் பெயர் மாற்றத்தில் தொடங்கியது என்று சொன்னால் சட்டம் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு மாதிரி. 1903 சட்டப்படி 5 ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ் கையில் வந்துவிடும். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கட்டாயப் பரீட்சை வந்தது 1935-இல்தான். பிரிட்டிஷ் இந்தியாவுக்கு முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்து, 1939-இல் புதுப்பிக்கப்பட்டு, 1988-இல் இப்போதைய சட்டமாக ஆனது.

வண்டிகள் எல்லை தாண்ட ஆரம்பித்ததும் நாடுகள் கூடிப் பேசின. 1909-இலும் 1926-இலும் பாரிசில் ஒப்பந்தங்கள், 1949-இல் ஜெனிவாவில், 1968-இல் வியன்னாவில். இன்று நம் நாட்டில் கொடுக்கிற சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் ஜெனிவா ஒப்பந்தப்படி அச்சிடுவது. அதன் கடைசிப் பக்கம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் விதி. பிரெஞ்சு தெரியாதவர் எழுதிக் கொடுத்து, பிரெஞ்சு தெரியாதவர் வாங்கிப் போய், பிரெஞ்சு தெரியாத ஊரில் காட்டினாலும் அந்தப் பக்கம் இருக்கும். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

ஆனால் அந்தப் புத்தகம் ஒரு வருஷத்துக்குத்தான். சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு அது போதும். குடியிருக்க வந்தவனுக்குப் போதாது. குடியிருக்க வந்தவன் உள்ளூர்க் காகிதம் வாங்க வேண்டும். அங்கேதான் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒருவர் லைசென்சை மற்றவர் அப்படியே ஏற்கிறார்கள். வெளியிலிருந்து வருகிறவனுக்கு பிரான்சு ஒரு வருஷம் தவணை கொடுக்கும். நீ என் லைசென்சை மாற்றித் தருவாயா, அப்படியானால் நானும் தருவேன் என்று பண்டமாற்றுக் கணக்கு. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஃபுளோரிடா லைசென்சைக் கொடுத்தால் பிரெஞ்சு பெர்மி கிடைக்கும். நியூயார்க் லைசென்சுக்குக் கிடைக்காது. திரும்பவும் முதலிலிருந்து படிக்க வேண்டும். நியூயார்க் நெரிசலில் ஓட்டியவனுக்கு ஓட்டத் தெரியாதாம்!

என் தங்கை மகன் அங்கே போய் வேலையில் சேர்ந்தவன், அந்த ஒரு வருஷத் தவணையை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டான். வருஷம் முடிந்த மறுநாள் அவனுடைய பதினோரு வருஷ அனுபவம் வெறும் காகிதம். ஓட்டுநர் பள்ளிக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் அழுதான். சாலை விதிப் பரீட்சை பிரெஞ்சில். இரண்டு தடவை தவறி மூன்றாவதில் தேறினான். அதற்குள் வண்டி ஓட்ட வேண்டிய ஒரு நல்ல வேலை கைநழுவிப் போயிருந்தது.

இது இங்கிருந்து அங்கே போனவன் கதை. அங்கிருந்து இங்கே வந்தவர் கதைதான் என்னை உறுத்துவது.

அதற்கு முன்னால், புதுச்சேரியில் பிறந்தவர் எப்படிப் புதுச்சேரியிலேயே வெளிநாட்டுக்காரர் ஆனார் என்பதைச் சொல்ல வேண்டும். வெளியூர் வாசகர்களுக்கு இது எப்போதும் வியப்பு. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அன்று இந்தியர் ஆனார்கள். வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். இங்கே பிறந்து இரண்டு நாட்டுக்கும் வெளியே, அல்லது பிரான்சிலேயே, குடியிருந்தவர்களுக்கு விதி தலைகீழ். அவர்கள் எதுவும் எழுதாமலே பிரெஞ்சுக்காரர்களாகத் தொடர்ந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் இப்படித்தான். அவர்கள் பென்ஷனோடு ஊர் திரும்பியபோது, தாய் தகப்பன் கட்டிய வீட்டில், வெளிநாட்டுக் குடிமக்களாக, தங்கும் அனுமதி வாங்கிக் குடியிருந்தார்கள்.

எங்கள் உறவில் ஒரு மாமா அப்படி. 1934-இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் சேர்ந்து இந்தோசீனா போனார். பிறகு அல்ஜீரியாவில் ராணுவ லாரி ஓட்டினார். அமெரிக்கக்காரன் விட்டுப்போன ஜி.எம்.சி. லாரிகள். மலைப்பாதையில், இரவில், விளக்கைப் போடாமல் ஓட்டுவோம் என்று சொல்வார். ராணுவத்தில் கொடுத்த ஓட்டுநர் பிரெவேயை விடுதலையானபோது சாதாரண பெர்மியாக மாற்றி வாங்கினார். அங்கே அது ஒரு நாள் வேலையாம். ரோஜா நிறக் காகிதம், இருபத்தெட்டு வயசுப் புகைப்படம், காருக்கும் கனரக வண்டிக்கும் தனித்தனி முத்திரை.

1996-இல் அவர் பாகூர்ப் பக்கம் உள்ள தம் கிராமத்தில் ஒரு பழைய மாருதி கார் வாங்கினார். அத்தைக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதம் இரண்டு முறை ஜிப்மருக்குக் கொண்டுபோக வேண்டும், இருபது கிலோமீட்டருக்கு மேல். பெர்மியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீ சர்க்கார்ல இருக்கற. பிரான்சேவும் தெரியும். இத நம்மூரு லைசென்சா மாத்தணும். என்ன செய்யணும் சொல்லு."

நான் போக்குவரத்துத் துறையில் இல்லை. வேறு துறையில் கோப்பு எழுதிக்கொண்டிருந்தவன். ஆனால் குமாஸ்தாவாக இருபது வருஷம் உட்கார்ந்தவனுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "மாமா, அது வேற நாடு, இது வேற நாடு. அங்க வலது பக்கம், இங்க இடது பக்கம். எல்.எல்.ஆர். போட்டு, ஒரு மாசம் கழிச்சு மைதானத்துல ஓட்டிக் காட்டினாத்தான் லைசென்ஸ்."

அவர் காகிதத்தை மடித்தார். அந்தக் காகிதத்தை மடிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் வலது மடிப்பு, பிறகு இடது. மெதுவாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எல் போர்டு கட்டிக்கினு பசங்களோட வரிசையில நிக்கறதா?" என்று மட்டும் கேட்டார். காப்பியைக் குடித்தார், போய்விட்டார்.

கார் நின்றது. ஜிப்மருக்கு வாடகை வண்டி, அது கிடைக்காத நாளில் பஸ். அத்தை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்த நாட்களும் உண்டு என்று பிறகு தெரிந்தது. இரண்டு வருஷத்தில் காரை விற்றுவிட்டார்.

2001-இல் வேறு ஒரு வேலையாக மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினேன். 9-ஆவது பிரிவு, 3-ஆவது உட்பிரிவு. ஓட்டிக் காட்டித் தேறாமல் லைசென்ஸ் கிடையாது என்று ஆரம்பிக்கிறது. கீழே ஒரு விதிவிலக்கு. இந்தியாவுக்கு வெளியே எந்த நாட்டிலாவது தகுதியுள்ள அதிகாரி கொடுத்த லைசென்ஸ், அதே வகை வண்டிக்கு, கையில் இருந்தால் அந்தச் சோதனை தேவையில்லை. மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், ஆபத்தான உடல் குறை இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

பிரான்சு மாதிரி ஒரு வருஷத் தவணை இல்லை. நீ தந்தால் நான் தருவேன் என்கிற பேரமும் இல்லை. எந்த நாடாக இருந்தாலும் சரி, திறமை ஆளோடு வந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது நம் சட்டம். இவ்வளவு தாராளமான வாசகத்தை நம் சட்டப் புத்தகங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. வலதுபக்கம் ஓட்டிப் பழகியவனை இடதுபக்கச் சாலையில் சோதிக்காமல் விடுவது கொஞ்சம் தைரியம்தான், அது வேறு விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கிராமத்துக்குப் போனேன். சட்டப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு, பெர்மியை இங்கிலீஷில் மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று வெள்ளைத் தாளும் கொண்டுபோனேன். அந்த மொழிபெயர்ப்பும் சுலபமில்லை. பிரெஞ்சுக் காகிதத்தில் தகப்பன் பெயர் கிடையாது. நம்மூர் விண்ணப்பம் தகப்பன் பெயரைக் கேட்கும். 1881 ஆணைக்குப் பிறகு எங்கள் ஊரில் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்கள் ஒரு விதம், பாட்டன் பெயரே குடும்பப் பெயராக உறைந்துபோனவர்கள் ஒரு விதம். பேரனை மகன் என்று எழுதி அவதிப்பட்ட கோப்புகளை நானே பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் வழியில் யோசித்துக்கொண்டே போனேன்.

மாமா திண்ணையில் இருந்தார். அத்தை காலமாகி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நான் நகலைப் பிரித்து அந்த விதிவிலக்கைத் தமிழில் படித்துக் காட்டினேன். நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றும் சொன்னேன். முழுதும் கேட்டார்.

"டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும்னியே?"

"ஆமா மாமா. அது ஒண்ணுதான்."

"இடது கண்ணு போன வருஷமே போயிடுச்சு. பிரஷராம், உள்ள. வலதுலயும் ஓரமெல்லாம் தெரியல. யாருப்பா சர்ட்டிபிகேட் குடுப்பான்?"

பிறகு உள்ளே போய் பெர்மியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "எழுதத் தாள் கொண்டாந்தியே, எழுது. என் பேரு, அப்பா பேரு, எல்லாம் சரியா எழுது." எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுதினேன். கனரக வண்டி என்ற இடத்துக்கு வந்தபோது எந்த வண்டி, எத்தனை டன் என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.